கோசிவ் நாட்குறிப்பு: மண்ணும் கம்பளியும் விற்கிற மலையடிவார ஊர்

இவை மேற்கு உக்ரைனில் உள்ள கோசிவுக்குப் போனபோது 2021 செப்டம்பரில் எழுதிய குறிப்புகள். 2022 பிப்ரவரி 24 முதல் உக்ரைனுக்குப் பயணிகள் விமானம் கிடையாது. இரவு ஊரடங்கு இருக்கிறது, வான்தாக்குதல் சைரன் ஒலிக்கிறது. ஆகவே இன்றைக்குக் கிளம்புகிறவர்களுக்கான வழிகாட்டியாக இதை எடுத்துக்கொள்ள வேண்டாம். விலைகளும் அன்றைய விலைகள். ஒரு ஹ்ரிவ்னியா அப்போது ஏறக்குறைய இரண்டே முக்கால் ரூபாய். மண் சுடுகிற விதமும் கம்பளி அடிக்கிற விதமும் போரால் மாறிவிடவில்லை. அவற்றைக் குறைக்காமல் அப்படியே விட்டிருக்கிறேன்.

செப்டம்பர் 15, புதன். இவானோ-பிராங்கிவ்ஸ்க்

மலைக்குப் போகிற எல்லோரும் இந்த ஊரில் ரயிலிறங்கி, பையைத் தோளில் மாட்டியபடியே பேருந்து ஏறிவிடுகிறார்கள். அரை நாளாவது இங்கே தங்கலாம். 1662-ல் போடோட்ஸ்கி குடும்பம் கட்டிய கோட்டை நகரம் இது. பழைய பெயர் ஸ்தானிஸ்லாவிவ்; கவிஞர் இவான் பிராங்கோவின் பெயர் 1962-ல் வந்தது. கோட்டையில் எஞ்சியிருக்கும் சுவர்த் துண்டைச் சீரமைத்து, அதற்குள் கடைகளும் ஓவியக்கூடமும் வைத்திருக்கிறார்கள். சந்தைச் சதுக்கத்தின் நடுவில் நிற்கும் நகர மண்டபக் கோபுரம் 1930-களின் பாணி: நேர்கோடுகள், அலங்காரம் குறைவு. உள்ளே அருங்காட்சியகம், மேலே பார்வை மாடம். வானம் தெளிவாக இருந்தால் தெற்கே காரபாத்திய மலைக்கோடு தெரியும். இன்று மேகம் மறைத்துவிட்டது.

தெருவில் கண்ணில் படுவது இரும்பு. ஆண்டுதோறும் மே மாதத்தில் இங்கே கொல்லர் திருவிழா நடக்கிறது. பல ஊர்க் கொல்லர்கள் கூடி ஒரு பெரிய வேலைப்பாட்டைச் சேர்ந்து அடித்து, ஊருக்கே விட்டுப் போகிறார்கள். நடைபாதைகளில் அப்படி விட்டுப்போன இரும்புச் சிற்பங்களைத் தொட்டுப் பார்த்தால் சுத்தியல் விழுந்த குழி விரலுக்குத் தெரியும். வார்ப்பில் அந்தக் குழி இருக்காது.

மருத்துவப் பல்கலைக்கழகத்தில் இந்திய மாணவர்கள் நிறையப் படிக்கிறார்கள், தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் உண்டு. அதனால் இந்திய முகத்தை இங்கே யாரும் உற்றுப் பார்ப்பதில்லை. அடுத்த ஊர் தொடங்கிப் பார்ப்பார்கள். பார்த்துவிட்டு, பெரும்பாலும் சிரிப்பார்கள்.

சாப்பாடு: காளான் போட்ட போர்ஷ்ச் (பீட்ரூட் சூப்) 55 ஹ்ரிவ்னியா, உருளைக்கிழங்கு வறேனிகி (கொழுக்கட்டை போன்றது) 60. போர்ஷ்ச் சாறு பெரும்பாலும் பன்றி எலும்பில் இறக்கியது. சைவம் மட்டும் சாப்பிடுகிறவர்கள் ‘பிஸ்னி போர்ஷ்ச்’ என்று கேட்க வேண்டும். நோன்பு காலத்துக்கு இறைச்சி இல்லாமல் வைப்பது அது. மற்ற நாட்களிலும் சில கடைகளில் கிடைக்கும்.

செப்டம்பர் 16, வியாழன். கொலோமியா

கோசிவுக்கு ரயில் பாதை இல்லை. பக்கத்து ரயில் நிலையம் கொலோமியா. இங்கே இரண்டு அருங்காட்சியகங்களைப் பார்த்துவிட்டுப் போனால் கோசிவ் சந்தையில் கண் தடுமாறாது. திங்கட்கிழமையில் மட்டும் வராதீர்கள், பூட்டியிருக்கும்.

பிசங்கா (மெழுகும் சாயமும் கொண்டு வரைந்த முட்டை) அருங்காட்சியகம் 2000-ல் திறந்தது. கட்டடத்தின் நடுப்பகுதியே ஒரு முட்டை, சுமார் 14 மீட்டர் உயரம். வெளியே நின்று படமெடுத்துவிட்டுப் போகிறவர்கள்தான் அதிகம். உள்ளேதான் விஷயம் இருக்கிறது. பிசங்கா செய்வதற்குப் பச்சை முட்டை, வேகவைத்தது இல்லை. பித்தளைக் கூம்பு பொருத்திய சிறு எழுத்துக்கோலைச் சுடரில் காட்டி, உருகிய தேன்மெழுகால் கோடு இழுப்பார்கள். எங்கே வெள்ளை நிற்க வேண்டுமோ அங்கே முதலில் மெழுகு. பிறகு மஞ்சள் சாயத்தில் முக்கு. மஞ்சள் நிற்க வேண்டிய இடத்தில் மெழுகு. பிறகு ஆரஞ்சு, சிவப்பு, கடைசியில் கறுப்பு. வெளிர் நிறத்தில் தொடங்கி அடர் நிறத்துக்கு ஏறுகிற வேலை. நடுவில் ஒரு கோடு பிசகினால் திருத்த வழியில்லை. முடிவில் முட்டையைச் சுடரின் பக்கவாட்டில் காட்டி மெழுகைத் துணியால் துடைத்தெடுக்கும்போதுதான் நிறங்கள் எல்லாம் ஒன்றாக வெளிவரும். சுடருக்கு மேலே நேராகப் பிடித்தால் புகைக்கரி படிந்து வெள்ளை போய்விடும்.

கோஸ்மாச் என்ற மலைக் கிராமத்து முட்டைகளைத் தனியாக அடையாளம் காணலாம்: மஞ்சளும் ஆரஞ்சும் சிவப்பும் நெருங்கி, ஊசிமுனைக் கோடுகளாக இருக்கும். (2024-ல் யுனெஸ்கோ பட்டியலில் பிசங்கா இடம்பெற்றது, உக்ரைனும் எஸ்தோனியாவும் சேர்ந்து விண்ணப்பித்தன.)

வாங்கும்போது ஒன்றைக் கேளுங்கள்: உள்ளே காலியா, இல்லையா? மரபுப்படி முட்டையை அப்படியே விட்டுவிடுவார்கள். உள்ளிருப்பது ஆண்டுக்கணக்கில் காய்ந்து உருண்டையாகிவிடும். ஆனால் ஓட்டில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருந்தால் பெட்டிக்குள்ளேயே வெடித்து நாறும். பயணத்துக்கு ஊதிக் காலி செய்ததே நல்லது, அடியில் சிறு துளை இருக்கும்.

இன்னொன்று இந்த மலைகளில் வாழும் ஹுட்ஸுல் மக்களின் நாட்டுப்புறக் கலை அருங்காட்சியகம், 1926-ல் நிறுவியது. பாதிரியார் யோசஃபத் கொப்ரின்ஸ்கி பெயரில் இருக்கிறது. மரச் செதுக்கல், பித்தளைக் கைக்கோடரி, ஆட்டுத்தோல் மேலாடை எல்லாம் உண்டு. நேரம் குறைவாக இருந்தால் நேரே அடுப்பு ஓடுகளிடம் போங்கள். கோசிவ்காரர் ஒலெக்சா பக்மத்யுக் (1820–1882) வரைந்தவை. வெள்ளைப் பரப்பில் பச்சை, மஞ்சள், பழுப்பு. கரடியைத் துரத்தும் வேட்டைக்காரன், குதிரை மேல் சிப்பாய், வாத்தியக்காரர்கள், புனித நிக்கோலஸ். ஓட்டுக்கு ஒரு காட்சி. குளிர்காலம் முழுக்க வீட்டார் அந்த அடுப்பைச் சுற்றித்தானே உட்கார்ந்திருப்பார்கள்! அவர்கள் பார்த்துக்கொண்டே இருப்பதற்காக வரைந்த படங்கள் இவை. கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தும் அந்தத் தன்மை போகவில்லை.

மாலை மர்ஷ்ருத்கா என்கிற சிற்றுந்தில் கோசிவ், சுமார் 35 கிலோமீட்டர். சாலை பழுது காரணமாக வண்டி ஊர்ந்தது. ஜன்னலைத் திறந்தால் பின் இருக்கைப் பாட்டிகள் உடனே மூடச் சொல்வார்கள். காற்று காதில் பட்டால் சளி பிடிக்கும் என்பது அவர்கள் உறுதி. மூடிவிடுவதே மரியாதை.

செப்டம்பர் 17, வெள்ளி. கோசிவ், பட்டறை

எட்டாயிரம் சொச்சம் பேர் வாழும் ஊர், ரிப்னித்ஸியா ஆற்றங்கரையில். காலை 8 டிகிரி, மூடுபனி. பத்து மணிக்கு மேல் வெயில், நான்கு மணிக்கு மழை. இங்கே செப்டம்பர் இப்படித்தான். ஸ்வெட்டரும் மழைச் சட்டையும் இல்லாமல் வெளியே இறங்கக் கூடாது.

1882-ல் நெசவுப் பள்ளியாகத் தொடங்கியது இன்று கலைக் கல்வி நிறுவனமாக நிற்கிறது. மட்பாண்டம், மரம், உலோகம், தோல், நெசவு எல்லாவற்றுக்கும் தனித்தனித் துறை. படித்து முடித்தவர்கள் பலர் இங்கேயே வீடு கட்டி, கொல்லையில் சூளை வைத்துக்கொள்கிறார்கள். ஆகவே பட்டறை என்றால் தொழிற்சாலைக் கொட்டகை இல்லை, வீட்டின் பின்கட்டு. முதல் நாளே தங்குமிடத்துக்காரரிடம் சொன்னால் போன் போட்டு ஏற்பாடு செய்து தருவார். வாசலில் செருப்பைக் கழற்றினால் வீட்டுச் செருப்பு தருவார்கள். பார்ப்பதற்குக் காசு கேட்பதில்லை. ஒரு கிண்ணமாவது வாங்குவது முறை.

கோசிவ் வண்ண மட்பாண்டம் 2019-ல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. வேலை நடக்கிற வரிசையைச் சொல்கிறேன், ஏனென்றால் நாளை சந்தையில் நல்லதையும் போலியையும் பிரிக்க இது தெரிந்திருக்க வேண்டும்.

உள்ளூர்ச் சாம்பல் நிற மண். சக்கரத்தில் வனைந்து, விரலால் அழுத்தினால் குழி விழாத, ஆனால் நகம் கீறினால் கோடு விழுகிற பதத்துக்குக் காயவிடுகிறார்கள். அந்தப் பதத்தில் வெள்ளை மண் குழம்பில் முக்குகிறார்கள். அதற்கு முன்பே முக்கினால் பாத்திரம் ஈரம் குடித்துச் சரிந்துவிடும். நன்றாகக் காய்ந்தபின் முக்கினால் பாத்திரம் ஏற்கெனவே சுருங்கி முடித்திருக்கும். வெள்ளைப் பூச்சு மட்டும் பிறகு சுருங்கி, சூளையில் செதிலாக உரியும். பட்டறையில் உடைத்துப் போட்டிருந்த குவியலில் பாதி இப்படி உரிந்தவை.

வெள்ளை இறுகியதும் கூர்மையான உலோகக் கோலால் படம் கீறுகிறார்கள். கோடு வெள்ளையைக் கிழித்து அடிமண்ணைக் காட்ட வேண்டும், அதற்கு மேல் ஆழம் போகக் கூடாது. பென்சிலால் மாதிரி வரைந்துகொள்வதில்லை. கலைமான் என்றால் முதுகுக்கோடு ஒரே இழுப்பில் வருகிறது, கொம்பு பிறகு. கோலின் முன்னால் சுருண்டு எழும் மண்துகளை ஊதக் கூடாது, ஈரமாக இருந்தால் ஒட்டிக்கொள்ளும். காய்ந்தபின் தூரிகையால் தட்டிவிடுகிறார்கள். அகலமான பழுப்புப் பட்டைகளை மாட்டுக் கொம்பின் நுனியில் இறகுத்தண்டு பொருத்தி ஊற்றுகிற வழக்கம் இருந்தது. இப்போது பலர் கையில் ரப்பர்க் குமிழ்.

முதல் சூளை. வெளியே வரும்போது சாம்பல் மண் செம்மண் நிறமாகியிருக்கும். அதன் பிறகுதான் பச்சையும் மஞ்சளும் தீட்டி, மேலே மெருகு ஊற்றி, இரண்டாம் முறை சூளை ஏற்றுகிறார்கள். பச்சை செம்பு ஆக்சைடு. மெருகு உருகும்போது அதோடு கலந்து, கீறிய கோட்டைத் தாண்டி மெல்லக் கீழே வழியும். ‘கண்ணீர்’ என்கிறார்கள். வழியாமல் நிற்கிற பச்சை இங்கே யாருக்கும் பிடிப்பதில்லை. சூளை கொஞ்சம் அதிகமாகச் சூடேறினால் கண்ணீர் தட்டின் ஓரம்வரை ஓடி, படமே அழிந்துவிடும். அந்த இடைவெளியைப் பிடிப்பதுதான் கைத்திறன். மின்சூளையில் வெப்பமானி இருந்தும், எந்தத் தட்டில் எந்தப் பாத்திரத்தை வைப்பது என்பதைக் கண்ணும் பழக்கமுமே முடிவு செய்கின்றன.

ஒரு எச்சரிக்கை. பழைய காலத்து மெருகில் ஈயம் உண்டு. புளிப்பான உணவை அதில் வைத்தால் ஈயம் கரைந்து இறங்கும். பழம்பொருளாக வாங்குவதைச் சுவரில் மாட்டுங்கள், ஊறுகாய் போடாதீர்கள். புதியதை வாங்கும்போதும் சாப்பாட்டுக்கு ஆகுமா என்று கேளுங்கள். நேர்மையாகச் சொல்கிறார்கள்.

சாயங்காலம் பானோஷ், 90 ஹ்ரிவ்னியா. ஒரு பங்கு மக்காச்சோள மாவுக்கு நான்கைந்து பங்கு புளித்த பாலாடை. தண்ணீர் கிடையாது. பாலாடையைச் சிறு தீயில் கொதி வரவிட்டு, மாவைத் தூவியபடியே மரக்கரண்டியால் கிளறுவார்கள். தீ கூடினால் திரிந்துவிடும். நெய் மேலே மிதந்து, பாத்திரத்தில் ஒட்டாமல் திரண்டு வந்தால் பதம். கேழ்வரகுக் களி கிண்டுகிறவர்களுக்கு இந்தப் பதம் சொல்லாமலே புரியும். மேலே பிரின்ஸா பாலாடைக்கட்டி, காளான், பொரித்த பன்றிக்கொழுப்பு. கொழுப்பு வேண்டாதவர்கள் ‘பெஸ் ஷ்க்வாரொக்’ என்று முன்பே சொல்லிவிட வேண்டும். இந்தப் பகுதிச் செம்மறியாட்டுப்பால் பிரின்ஸாவுக்கு 2019 இறுதியில் புவிசார் குறியீடு கிடைத்தது. உப்பு தூக்கலாக இருக்கும், தனியாகச் சாப்பிட முடியாது. பானோஷில் உப்புப் போடாததற்குக் காரணமும் அதுதான்.

செப்டம்பர் 18, சனி. சந்தை

ஊருக்குப் புகழே இந்தச் சனிக்கிழமைச் சந்தையால்தான். விடிவதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது. ஆறு மணிக்கு இன்னும் இருட்டு. டார்ச் வெளிச்சத்தில் வியாபாரம். அந்த நேரத்தில் வருகிறவர்கள் பிற ஊர்க் கடைக்காரர்கள். கட்டுக்கட்டாக வாங்கி வண்டியில் ஏற்றுகிறார்கள். எட்டு மணிக்குச் சுற்றுலாக்காரர்கள் வருகிறார்கள். பதினொன்றுக்கு மேல் துணியை மடிக்கத் தொடங்கிவிடுவார்கள். ஏழிலிருந்து ஒன்பது வரை நல்ல நேரம்: பொருளும் இருக்கும், செய்தவரிடம் பேசவும் ஆகும்.

ரொக்கம் மட்டுமே. பணம் எடுக்கிற எந்திரம் ஊர் நடுவில். சனி காலையில் அங்கே வரிசை நீளும். வெள்ளி மாலையே எடுத்து வையுங்கள், சில்லறையாக.

விலை: கோப்பை 100 முதல் 150, சாப்பாட்டுத் தட்டு 200 முதல் 350, நல்ல கைவேலைக் கூஜா 600-க்கு மேல். ஒரே ஆளிடம் மூன்று நான்கு எடுத்தால் பத்தில் ஒரு பங்கு அவர்களே குறைக்கிறார்கள். அதற்கு மேல் அடித்துப் பேசினால் முகம் சுருங்கிவிடும். நேற்று பட்டறையில் பார்த்த வேலைக்கு இந்த விலை குறைவு என்பதே என் எண்ணம்.

தட்டைக் கையிலெடுத்ததும் திருப்புங்கள். அடியில் மெருகு படாத வளையத்தில் செம்மண் நிறம் தெரிய வேண்டும். பளிங்கு வெள்ளையாக இருந்தால் அச்சில் ஊற்றிய பீங்கான். அடுத்து விரல்நுனியைப் படத்தின் கோட்டின் மேல் ஓட்டுங்கள். மெருகுக்கு அடியிலும் மெல்லிய பள்ளம் தட்டுப்படும். தூரிகையால் தீட்டியதில் தட்டுப்படாது. கடைசியாகச் சுண்டிப் பாருங்கள். ஓசை மணிபோல் நீண்டால் சரி, மொத்தென்று அடைத்தால் எங்கோ விரிசல்.

பூத்தையல் சட்டைகளில் எந்திர வேலையே அதிகம், 500-லிருந்து. கையால் தைத்தது 3,000-க்குக் குறைந்து கிடைக்காது. உட்புறத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும்: எந்திரத்தில் அடியில் வெள்ளை நூல் ஒரே சீராக ஓடும். சாவிக்கொத்து, காந்த வில்லை எல்லாம் எங்கிருந்தோ பெட்டியில் வருபவை, நின்று நேரம் போக்க வேண்டாம்.

சந்தை ஓரத்தில் பாலாடைக்கட்டிக் குதிரைகள். புருஸ்தூரி கிராமத்துப் பெண்கள் செய்வது. பால்கட்டியை வெந்நீரில் போட்டு, இழுத்தால் ரப்பராக நீளும் பதம் வந்ததும் கைபொறுக்கும் சூட்டிலேயே உடலை உருட்டி, கால் பிடித்து, பிடரிமயிர்வரை பின்னிவிடுகிறார்கள். ஆறினால் வளையாது, முறியும். பிறகு உப்புநீர். ஒன்று 40 ஹ்ரிவ்னியா. குழந்தைகள் கொஞ்ச நேரம் விளையாடிவிட்டுத் தின்றுவிடுகிறார்கள்.

மதியம் அருங்காட்சியகம். ரப்பி என்கிற யூத மதகுரு ஒருவரின் பழைய வீட்டில் இருக்கிறது. கோசிவின் இன்னொரு பாதி வரலாறு அங்கிருந்துதான் தொடங்குகிறது. இந்த ஊர்ப் பெயரில் ஒரு ஹசிதிக் (யூத பக்தி இயக்க) மரபே உண்டு. புகழ்பெற்ற விஷ்னிட்ஸ் மரபு அதிலிருந்து கிளைத்தது. 1941 அக்டோபரில் நாஜிகள் இங்குள்ள யூதர்கள் சுமார் 2,000 பேரை ஊர்க் குன்றின் மேல் சுட்டுக் கொன்றார்கள். குன்றுச் சரிவில் யூதக் கல்லறைகள் இன்னும் நிற்கின்றன: சிங்கம், மெழுகுவர்த்தி, எபிரேய எழுத்து, எல்லாம் பாசி படிந்து. ஏறுவதற்குப் பதினைந்து நிமிடம், மழையில் பாதை சேறு. கைவினை பார்க்க வருகிறவர்கள் இங்கேயும் ஏறிப் பார்க்க வேண்டும்.

செப்டம்பர் 19, ஞாயிறு. யாவோரிவ்

வெர்கோவினா என்ற மலையூருக்குப் போகிற சாலையில் ஒரு கிராமம். லிஷ்னிக் என்ற கம்பளிப் போர்வையின் ஊர். தெருவில் எதிர்ப்படும் முதியவர்கள் ‘ஸ்லாவா இசூசு க்ரிஸ்து’ என்பார்கள்; ‘ஸ்லாவா நா விகி’ என்று பதில் சொன்னால் நின்று பேசுவார்கள். வழி கேட்டால் கையைக் காட்டாமல் கூடவே நடந்து வந்து காட்டுகிறார்கள்.

தறியில் பார்க்கும் போர்வை தட்டையாக, இடைவெளி விட்டு, சாக்குப்போல இருக்கும். அதை மென்மையாக்குவது ஆற்றுநீர். ஓடையை மரத்தொட்டிக்குத் திருப்பி உயரத்திலிருந்து விழவைத்திருக்கிறார்கள். கூம்பு வடிவத் தொட்டி, பலகைகளுக்கு நடுவே இடைவெளி. போர்வையைப் போட்டால் தண்ணீர் அடித்து அடித்துச் சில மணி நேரம் உருட்டுகிறது. கம்பளி இழைகள் ஒன்றோடொன்று சிக்கி, போர்வை சுருங்கித் தடித்து, மேலே ரோமம் எழும்புகிறது. நேரம் குறைந்தால் ரோமம் எழாது, கூடினால் கட்டிதட்டி விறைத்துவிடும். அதனால் அடிக்கடி தூக்கிப் பார்க்கிறார்கள். ஊறிய போர்வையைத் தூக்க இரண்டு பேர் வேண்டும். பிறகு வேலியில் காயவைத்துச் சீப்பால் வாருவது.

விலை அளவைப் பொறுத்து 1,500 முதல் 2,500. எடை மூன்று நான்கு கிலோ. விமானப் பையில் அதற்கு முன்பே இடம் ஒதுக்க வேண்டும். செயற்கை இழை கலந்ததா என்று சந்தேகம் வந்தால் ஒரு இழையைப் பிய்த்துக் கொளுத்திக் காட்டச் சொல்லலாம். கம்பளி முடி கருகும் நாற்றத்தோடு பொடியாகும், செயற்கை உருகிச் சொட்டும். சலவை எந்திரத்தில் போடவே கூடாது.

திரும்பும்போது அட்டவணையில் எழுதியிருந்த மதிய வண்டி வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை இப்படி நடக்கும் என்று நிறுத்தத்தில் இருந்தவர்கள் அலட்டிக்கொள்ளவே இல்லை. ஒன்றரை மணி நேரம் தூறல். கோவிலிலிருந்து திரும்பிய ஒரு குடும்பம் காரை நிறுத்தி ஏற்றிக்கொண்டது. பணம் நீட்டினால் வாங்கவில்லை. பை நிறைய ஆப்பிள் கொடுத்து இறக்கிவிட்டார்கள். ஞாயிறு மலைக்கிராமம் போகிறவர்கள் வாடகைக் காரின் எண்ணைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். ஊர்வரை 200 ஹ்ரிவ்னியா கேட்கிறார்கள்.

செப்டம்பர் 20, திங்கள். புறப்பாடு

காலையில் ஹூக் அருவி. உயரம் அதிகமில்லை. ஆற்றுநீர் மணற்பாறை அடுக்குகளைப் படிப்படியாக அறுத்து இறங்குகிறது, பக்கத்தில் தொங்குபாலம். நேற்றைய மழையில் தண்ணீர் கலங்கி, படிப்பாறை முழுக்க மூழ்கிவிட்டது. ஈரப்பாறையில் பாசி வழுக்கும், ரப்பர் அடிச் செருப்பும் நிற்காது.

மீதி நேரம் மூட்டை கட்டவே சரியாக இருந்தது. தட்டுகளைப் படுக்கவைத்து அடுக்கினால் அடித்தட்டு மேல்பாரத்தில் உடையும். செங்குத்தாக நிறுத்தி, இரண்டுக்கு நடுவே துணி கொடுக்க வேண்டும். கோப்பைக்குள் காலுறையைத் திணியுங்கள்; கைப்பிடி உட்பக்கம் பார்க்கட்டும். கூஜா மூடியைக் கூஜா மேலேயே வைத்துக் கட்டாதீர்கள், இரண்டும் உரசி மெருகு சிராயும். லிஷ்னிக் வாங்கியிருந்தால் கவலையே வேண்டாம்: எல்லாவற்றையும் அதற்குள் சுருட்டிக் கயிறு போட்டுவிடலாம். பிசங்காவை மட்டும் தனி டப்பாவில், பஞ்சு வைத்து, கைப்பையில் எடுத்துக்கொள்ளுங்கள். கொலோமியா வண்டியில் ஏறும்போது ஓட்டுநர் பெட்டியைப் பின்னால் போடச் சொல்வார். ‘கெராமிகா’ என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், தன் இருக்கைக்குப் பக்கத்திலேயே இடம் செய்து தருவார்.